திரைக்கு முன்னால் ஒரு காலி மனை

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கரிடம் டிரைவ்-இன் தியேட்டரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், படத்தின் பெயர் கடைசியில்தான் வரும். முதலில் வருவது, இரவு உடுப்பு மாட்டிவிடப்பட்டுப் பின் சீட்டில் போர்வைக்குள் கிடந்த பிள்ளைகள். அப்புறம், கார்க் கண்ணாடியின் விளிம்பில் தொங்கிய கரகரத்த ஸ்பீக்கர். திரைக்கு அடியிலேயே இருந்த ஊஞ்சலும் சறுக்குமரமும். கேன்டீனில் பாப்கார்னோடு சேர்த்து விற்ற கொசுவர்த்திச் சுருள். இடைவேளையில் அதற்குத் திரையில் விளம்பரமும் ஓடும். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் போடுவார்கள். இரண்டாவது படத்தை முழுசாகப் பார்த்த பிள்ளை அநேகமாகக் கிடையாது.

இந்த நினைவுகளைத் தொகுத்த புத்தகங்கள் அங்கே ஏராளம், ஆவணப்படங்களும் உண்டு. பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் முடியும்: டிவி வந்தது, வீடியோ வந்தது, டிரைவ்-இன் செத்தது. கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஆண்டுக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. டிரைவ்-இன்னை வாழவைத்ததும் முடித்துவைத்ததும் ஊர் ஓரத்து நிலத்தின் விலைதான் என்பது என் கட்சி. சென்னைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாமும் பார்த்திருக்கிறோம்.

கதை நியூ ஜெர்சி மாநிலத்தின் காம்டன் நகரத்தில் தொடங்குகிறது. ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவரின் குடும்பத்துக்குக் கார் பாலிஷ், கிரீஸ் வகையறாக்கள் தயாரிக்கும் தொழில். 1930களின் தொடக்கம், நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் முடங்கிக் கிடந்த நேரம். கையில் காசில்லாத அமெரிக்கன் எதையெல்லாம் விட்டுக்கொடுப்பான், எதைக் கடைசிவரை விடமாட்டான் என்று அவர் யோசித்ததாகச் சொல்வார்கள். விடாத பட்டியலில் நான்கு தேறின: சாப்பாடு, துணிமணி, கார், சினிமா. கடைசி இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். அவருடைய அம்மா பருமனானவர், தியேட்டர் நாற்காலியில் உட்காரச் சிரமப்பட்டார், அதனால்தான் மகனுக்கு இந்த யோசனை வந்தது என்றொரு கதையும் உண்டு. நல்ல கதைதான். ஆனால் கார் சாமான் விற்கும் குடும்பத்தில் பிறந்தவருக்கு அம்மாவின் உடம்பைப் பார்த்துத்தான் கார் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டுமா?

ரிவர்டன் என்ற ஊரில் தன் வீட்டு வாசலிலேயே சோதனை நடத்தினார். காரின் பானெட் மீது 1928ஆம் ஆண்டுக் கோடாக் புரொஜக்டர். மரங்களுக்கு இடையில் ஆணியடித்த வெள்ளைத் துணி. ஒலிக்கு, துணிக்குப் பின்னால் ஒரு ரேடியோ. மழையில் என்ன ஆகும் என்று பார்க்கப் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மேல் திறந்துவிட்டார். இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முன்னால் ஒரு கார் நின்றால் பின்னால் இருப்பவருக்கு அதன் கூரைதான் தெரியும். தலை மறைக்கிறது என்று தியேட்டரில் முன்சீட்டுக்காரரிடம் சொல்லலாம். காரை என்ன செய்வது?

முன் சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்து, உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் டிரைவ்-இன்னின் உயிர்நாடியான மண்மேடு. திரையை நோக்கிப் பிறை வடிவத்தில் வளைந்த வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் தரை முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். கார் ஏறி நின்றால் மூக்கு தூக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவரின் பார்வை முன்வரிசைக் காரின் கூரையைத் தாண்டித் திரையில் போய் விழும். அந்தக் காரை ஒருவர் பின்னால் எடுத்து வெளியேறினாலும் அடுத்தவருக்கு மறைக்காத அளவு இடைவெளி. கைவிடப்பட்ட டிரைவ்-இன்களை இன்றும் விமானத்திலிருந்து அடையாளம் காண முடிவது இந்த மேடுகளால்தான். திரை விழுந்து, புதர் மண்டிய பிறகும் தரையில் அந்த வளைவுகள் வரிவரியாகத் தெரியும்.

1933 மே 16 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது, எண் 1,909,537. மூன்றே வாரத்தில், ஜூன் 6 அன்று, சுமார் 400 கார்கள் நிற்கக்கூடிய முதல் டிரைவ்-இன் திறந்தது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட்; ஒரு காருக்கு எவ்வளவு பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் இல்லை. முதல் படம் 'வைவ்ஸ் பிவேர்' என்ற பழைய நகைச்சுவைப் படம். புதுப்படத்தை யாரும் தரவில்லை. நம் ஊர் செகண்ட் ரிலீஸ் கொட்டகைக்காரர்கள் விநியோகஸ்தர் அலுவலகத்தில் காத்துக் கிடந்த கதைதான் இங்கும். படப்பெட்டிக்காகப் பெரிய ஸ்டுடியோக்களிடம் கெஞ்சுவது டிரைவ்-இன்னின் பிறவிக் குறை. கடைசிவரை அது தீரவில்லை. பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு வாருங்கள் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். காம்டன் கொட்டகை அதிக நாள் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் ஹாலிங்ஸ்ஹெட் அதை விட்டுவிட்டார்.

அதற்குள் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பென்சில்வேனியாவின் ஓர்ஃபீல்டில் 1934 ஏப்ரலில் திறந்த ஷாங்க்வைலர்ஸ் இன்றைக்கும் ஓடுகிறது. உலகில் இயங்கிக்கொண்டிருப்பவற்றில் அதுவே மூத்தது. காப்புரிமைப் பணம் கேட்டு ஹாலிங்ஸ்ஹெட் தரப்பு பலர் மீது வழக்குப் போட்டது. 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்புரிமையையே செல்லாது என்றது. தியேட்டருக்குள் நாற்காலி வரிசைகளை வளைத்தும் சரித்தும் போடுவது காலங்காலமாக உள்ளதுதான், அதைக் காருக்குப் பொருத்தியது கண்டுபிடிப்பு ஆகாது என்பது நீதிமன்றத்தின் வாதம். பிறகு உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. கண்டுபிடித்தவருக்கு அதோடு வருமானம் நின்றது. மற்ற எல்லோருக்கும் கதவு திறந்தது.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நினைவுகளில் படத்தைவிட அதுதான் அதிகம் பேசுகிறது. காம்டனில் திரையருகே மூன்று பெரிய ஸ்பீக்கர்களை வைத்து ஆர்சிஏ விக்டர் கம்பெனி ஒலி கொடுத்தது. முன்வரிசைக்குக் காது பிளக்கும். பின்வரிசைக்கு உதடு அசைந்த பிறகுதான் வசனம் வரும். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தை ரசிகர்கள் சொந்தக் காதால் படித்தார்கள். சுற்றிலும் குடியிருந்தவர்களுக்கோ படம் பார்க்காமலே வசனம் மனப்பாடம். 1940களில்தான் காருக்கு ஒரு ஸ்பீக்கர் வந்தது. இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு கம்பம். கம்பத்தின் இருபுறமும் வார்ப்பு உலோகத்தில் செய்த கைக்கடக்கமான பெட்டி. அதில் ஒரு சத்தம் கூட்டும் திருகு. ஒயரோடு எடுத்துக் கண்ணாடியின் மேல் விளிம்பில் மாட்டிக்கொள்ள வேண்டியது. மழைக்காலத்தில் அந்த இடுக்கு வழியே சாரல் உள்ளே வரும். படம் முடிந்து அவசரமாகக் கிளம்புகிறவர்கள் ஸ்பீக்கரைக் கழற்ற மறந்து, ஒயரை அறுத்துக்கொண்டு வீட்டுக்கே கொண்டுபோய்விடுவார்கள். ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகும்படி திரையில் வேண்டுகோள் போடாத கொட்டகை இருக்காது.

ஒளியும் அவ்வளவு எளிதல்ல. நிலா வெளிச்சம், நெடுஞ்சாலை விளக்கு, தாமதமாக வந்த காரின் ஹெட்லைட் எல்லாம் திரையில் விழும். சாதாரணத் தியேட்டரைவிடப் பல மடங்கு பெரிய திரை, பல மடங்கு தூரம். கார்பன் குச்சிகளை எரிக்கும் ஆர்க் விளக்கை முழு வீச்சில் வைத்தாலும் படம் கொஞ்சம் சோகை பிடித்தாற்போலத்தான் தெரியும். பார்த்த படத்தின் காட்சிகள் ஏன் யாருக்கும் துல்லியமாக நினைவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி, டிவி மீது விழுந்த பழி. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்தபோது டிரைவ்-இன்கள் படுத்துவிட்டன. போர் முடிந்ததும் எழுந்தன. எழுந்த வேகம்தான் கவனிக்க வேண்டியது. 1948இல் அமெரிக்காவில் சுமார் 800 டிரைவ்-இன்கள். 1958இல் 4,000க்கும் மேல். இதே பத்தாண்டில்தான் டிவியும் வீடுகளுக்குள் நுழைந்தது. 1950இல் பத்து வீட்டில் ஒன்றில் இருந்தது. 1958இல் பத்தில் எட்டு வீட்டில். நகர மையத்தில் இருந்த மூடிய தியேட்டர்கள் ஆயிரக்கணக்கில் கதவடைத்ததும் இதே காலத்தில். அதாவது டிவி ஒரு பக்கம் தியேட்டர்களைத் தின்றுகொண்டிருந்தபோது டிரைவ்-இன் ஐந்து மடங்கு பெருகியிருக்கிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு டிவிதான் கொலைகாரன் என்று எப்படிச் சொல்வது?

பெருகியதற்குக் காரணம், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் அரசுக் கடனில் புறநகர்களில் வீடு வாங்கியதும், வாசலில் கார் நின்றதும், வீட்டில் கைக்குழந்தைகள் இருந்ததும். நகரத்துத் தியேட்டருக்குப் போனால் பார்க்கிங் கிடையாது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும், நல்ல சட்டை போட வேண்டும். டிரைவ்-இன்னில் இந்த மூன்றும் வேண்டாம். முதலாளிக்கும் அப்படியே. கூரையும் சுவரும் நாற்காலியும் இல்லாத தியேட்டருக்கு என்ன முதல் வேண்டும்? பத்துப் பதினைந்து ஏக்கர் நிலம். புறநகரின் விளிம்பில் அன்று அது சோளக்கொல்லை விலைக்குக் கிடைத்தது.

வாங்கியவர்கள் வித்தை காட்டினார்கள். நியூ ஜெர்சியில் 1948இல் திறந்த ஒன்றுக்கு 500 கார்களோடு 25 சிறு விமானங்களும் வந்து இறங்கலாம். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கோப்பேக் என்ற இடத்தில் இருந்தது 28 ஏக்கர், 2,500 கார்கள், மழை நாளுக்கென உள்ளே 1,200 இருக்கைகளோடு மூடிய அரங்கு வேறு. பால்புட்டி சூடாக்கித் தருவார்கள், சில இடங்களில் அழுக்குத் துணியைக் கொடுத்தால் படம் முடிவதற்குள் துவைத்தும் தருவார்கள். ஆனால் பணம் வந்தது கேன்டீனிலிருந்து. டிக்கெட் காசில் பெரும்பகுதி படப்பெட்டிக்குப் போய்விடும். பாப்கார்ன், ஹாட் டாக், கோலாவில் வந்ததுதான் முதலாளிக்கு நின்றது. ஊஞ்சலும் சறுக்குமரமும் போட்டதன் சூட்சுமமும் அதுதான். பிள்ளைகள் சாயங்காலமே போகவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள், சீக்கிரம் வந்த குடும்பம் இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே முடிக்கும். இடைவேளை பத்து நிமிடம் என்பது பேச்சுக்கு. நேரம் குறைவதைக் காட்டும் கடிகாரத்தைத் திரையில் ஓடவிட்டு, தின்பண்டங்களே எழுந்து நடனமாடும் சிறு கேலிப்படங்களைப் போடுவார்கள். 1957இல் ஃபில்மாக் நிறுவனம் எடுத்த அப்படி ஒரு படத்தை அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். பாப்கார்ன் விளம்பரம் தேசியச் சொத்தாகியிருக்கிறது. சிரிக்கத் தோன்றினாலும் என்னைப் பொறுத்தவரை சரியான தேர்வு.

குடும்பப் படத்தை மட்டுமே காட்டும் நினைவுகள் சிலவற்றை வசதியாக மறக்கின்றன. கொட்டகையை நிரப்பியதில் பதின்வயதினருக்கும் பங்கு உண்டு. அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதைப் பாதிரியார்கள் பிரசங்க மேடையிலிருந்தே சொன்னார்கள். டிக்கெட் எடுக்காமல் இருக்க டிக்கிக்குள் இரண்டு பேரைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவது ஊர்தோறும் நடந்த சாகசம். காருக்கு இவ்வளவு என்று மொத்தக் கட்டணம் வைத்த நாள்களில்கூடப் பழக்கதோஷத்தில் டிக்கியில் வந்தவர்கள் உண்டாம். பெரிய ஸ்டுடியோக்கள் புதுப்படம் கொடுக்காத குறையை இந்த இளவட்டத்தை நம்பிப் பிறந்த கம்பெனிகள் தீர்த்தன. 1950களின் நடுவில் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் தொடங்கிய அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், பூதம், விண்வெளி, மோட்டார் சைக்கிள் ரவுடிகள் என்று மலிவாக எடுத்து இரண்டிரண்டாகக் கட்டி அனுப்பியது. மலிவுப் பட இயக்குநர் ரோஜர் கோர்மன் வளர்ந்தது இந்தத் திரைகளில்தான்.

கறுப்பின மக்களின் நினைவு இன்னொரு மாதிரி. தென் மாநிலங்களில் அவர்களை உள்ளே விடாத டிரைவ்-இன்கள் இருந்தன. தனி வாசல் வைத்து, வேலி போட்டுப் பிரித்து நிறுத்தியவையும் இருந்தன. அவரவர் காருக்குள் அவரவர் உட்கார்ந்து பார்க்கும் ஓர் ஏற்பாட்டில் யாரும் யாரையும் தொட வழியில்லை. அங்கேயும் வேலி கேட்டது நிறவெறி. நம் ஊர் டீக்கடைகளின் தனிக் குவளையை அறிந்த நாம் இதில் ஆச்சரியப்பட முடியாது.

1970களில் ரசனை இன்னும் கீழே இறங்கியது. படம் கிடைக்காத கொட்டகைகள் ஆபாசப் படங்களுக்குத் திரும்பின. திரையோ சாலையிலிருந்தே தெரியும். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகராட்சி, சாலைக்குத் தெரியும்படி நிர்வாணக் காட்சிகளைக் காட்டக்கூடாது என்று சட்டம் போட்டது. தியேட்டர் மேலாளர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1975இல் தீர்ப்பு நகராட்சிக்கு எதிராக வந்தது: பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அதற்காகப் பேச்சுரிமையில் கை வைக்க முடியாது. டிரைவ்-இன் வழக்கை வென்றது. ஆனால் குழந்தைகளோடு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் அதற்குள் விலகியிருந்தன.

வேறு அடிகளும் விழுந்தன. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் முறையை அமெரிக்கா 1967 முதல் ஏறக்குறைய நாடு முழுக்க ஒரே சீராக்கியது. பென்சில்வேனியாவில் ஜூன் மாதம் சூரியன் மறையவே எட்டரை மணி தாண்டிவிடும். திரையில் படம் தெரியும் அளவுக்கு இருட்ட ஒன்பதுக்கு மேல் ஆகும். இரண்டு படம் முடிய நள்ளிரவு கடந்துவிடும். காலையில் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? வட மாநிலங்களில் தொழிலே வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரைதான். அந்தச் சில மாதங்களிலும் ஒரு மணி நேரம் பறிபோனது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கார்கள் சிறுத்தன. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் நீளச் சீட்டும் காணாமல்போனது. வீடியோவும் வந்தது, மறுக்கவில்லை.

இருந்தாலும் இவையெல்லாம் வருமானத்தைக் குறைத்தவை மட்டுமே. வருமானம் குறைந்த தொழிலை இழுத்துப் பிடித்து நடத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களையும் இடத்தைக் காலி செய்யவைத்தது வேறொன்று. 1950இல் ஊர் எல்லைக்கு வெளியே இருந்த பதினைந்து ஏக்கர், 1975இல் ஊரின் நடுவில் இருந்தது. பக்கத்தில் நெடுஞ்சாலைச் சந்திப்பு. எதிரில் வீடுகள். சமமாக்கிய தரை, வடிகால், சாலைக்கு வழி எல்லாம் தயார். வணிக வளாகம் கட்டுகிறவருக்கு இதைவிடத் தோதான மனை எங்கே கிடைக்கும்? ஆண்டில் ஆறு மாதம், நாளில் நான்கு மணி நேரம் மட்டும் பயன்படும் நிலத்துக்கு வரியோ ஆண்டு முழுவதும். மகன்கள் தொழிலை எடுத்து நடத்தத் தயங்கிய நேரத்தில் வாங்குகிறவர் காசோலையோடு வந்து நின்றார். 1990களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் குறைவான டிரைவ்-இன்களே மிஞ்சின. இன்று சுமார் 300.

நிலத்தைப் பகலிலும் சம்பாதிக்கவைத்தவர்கள் தப்பினார்கள் என்பது என் வாதத்துக்கு இன்னொரு சான்று. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 1963இல் தொடங்கிய டிரைவ்-இன் சில ஆண்டுகளிலேயே பகலில் பழம்பொருள் சந்தை நடத்த ஆரம்பித்து, பதினான்கு திரைகள்வரை வளர்ந்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் டிரைவ்-இன்னில் 1955 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராபர்ட் ஷூலர் என்ற பாதிரியார் கேன்டீன் கூரைமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். சபையார் காருக்குள் இருந்தபடியே ஸ்பீக்கரில் கேட்டார்கள். சனிக்கிழமை இரவு என்ன ஓடியது என்று கேட்கக்கூடாது. அந்தச் சபை பின்னாளில் கிரிஸ்டல் கதீட்ரல் என்ற பெரிய கண்ணாடிக் கோயிலைக் கட்டியது.

ஆசியாவுக்கு இந்த வழக்கம் வந்தபோது கூடவே அதன் முடிவும் வந்தது. சிங்கப்பூரில் கேத்தே நிறுவனம் 1971 ஜூலை 14 அன்று ஜூரோங்கில் திறந்த டிரைவ்-இன்னில் 900 கார்கள் நிற்கலாம். காரில்லாதவர்களுக்கு 300 இருக்கைகள் போட்டிருந்தார்கள். அந்த இருக்கைகள் எனக்குப் பிடித்த விவரம். கூட்டம் குறைந்து 1985இல் மூடியபோது, தீவு முழுக்க ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் கணக்குப் பார்க்கும் அரசு அங்கே இருந்தது. அந்த இடம் பிறகு கோல்ஃப் பயிற்சித் திடலாயிற்று. அகமதாபாத்தில் 1973இல் வந்த சன்செட் டிரைவ்-இன்னால் அந்தச் சாலைக்கே டிரைவ்-இன் ரோடு என்று பெயர். மும்பையில் பாந்த்ராவில் 1977இல் தொடங்கியது 2003இல் மூடப்பட்டது. அதே பாந்த்ரா குர்லா வட்டாரத்தில் 2021 நவம்பரில் மறுபடி ஒரு டிரைவ்-இன் வந்தது. எங்கே தெரியுமா? வணிக வளாகத்தின் மொட்டை மாடியில். தரையில் அதற்கு இடம் கொடுக்க மும்பை நிலவிலை விடாது.

சென்னைக்கு வருவோம். இங்கே வெகுகாலம் டிரைவ்-இன் என்றால் கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ்தான். 1962இல் வந்த அந்த ஓட்டலில் காருக்கே தட்டு வந்து தோசையும் காபியும் சாப்பிடலாம். 2008இல் மூடப்பட்டு, குத்தகை நிலம் அரசிடம் திரும்பி, 2010இல் செம்மொழிப் பூங்கா ஆனது. சினிமாவுக்கான டிரைவ்-இன் ஈசிஆரில் இஞ்சம்பாக்கத்தில் 1990களின் தொடக்கத்தில் வந்த பிரார்த்தனா. அப்போது அது ஊருக்கு வெளியே. திருவான்மியூர் தாண்டினால் சவுக்குத் தோப்பும் மணலும்தான். அங்கே படம் பார்த்தவர்கள் சொல்லும் நினைவுகளில் அமெரிக்கச் சாயல் குறைவு. காருக்குள் யார் உட்கார்ந்தார்கள்? சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடியை ஏற்றினால் வேகவேண்டியதுதான். காரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பாயோ ஜமக்காளமோ விரித்து, பாட்டிக்கு மட்டும் மடக்கு நாற்காலி போட்டு, தூக்குச்சட்டியில் கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்து, கடற்காற்றில் பார்த்தார்கள். டிரைவ்-இன்னை நம்மவர்கள் நிலாச்சோறாக்கிவிட்டார்கள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு அது நிரந்தரமாக மூடப்பட்டது. ஈசிஆரில் ஒரு கிரவுண்டு என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருந்திருக்காது.

தமிழ்நாட்டில் இதற்கு முந்தைய திறந்தவெளிச் சினிமா, டெண்ட் கொட்டகை என்ற டூரிங் டாக்கீஸ். அதுவும் ஊர் ஓரத்தில்தான். அதற்கும் பொழுது சாய்ந்தால்தான் முதல் ஆட்டம். ஆனால் அதன் பொருளாதாரம் தலைகீழ். குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம், நிரந்தரத் தியேட்டரிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி, நிலமோ யாருடையதோ. கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றினால் அடுத்த ஊர். சொந்த மனை இல்லாததால் மனை விலை ஏறி அதற்குச் சாவு வரவில்லை. நிரந்தரத் தியேட்டர்களும் மின்சாரமும் டிவியும் சிற்றூர்வரை போனபோதுதான் அது நின்றது. டிவியைக் கொலைகாரன் என்று சொல்லத்தான் வேண்டுமானால், அந்தக் குற்றச்சாட்டு டெண்ட் கொட்டகைக்கே பொருந்தும்.

அமெரிக்காவில் கதை இன்னும் முடியவில்லை. 2013 வாக்கில் ஸ்டுடியோக்கள் ஃபிலிம் பிரதி அனுப்புவதை நிறுத்தத் தொடங்கியபோது டிஜிட்டல் புரொஜக்டர் வாங்க முடியாமல் பல டிரைவ்-இன்கள் மூடின. ஹோண்டா நிறுவனம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்திச் சில கொட்டகைகளுக்கு அந்தக் கருவியை இலவசமாகக் கொடுத்தது. 2020 கொரோனா முடக்கத்தில் நாட்டின் மற்றத் தியேட்டர்கள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்க, டிரைவ்-இன்கள் ஓடின. 'தி ரெச்சட்' என்ற சிறு பேய்ப்படம் ஐந்து வாரங்களுக்கு மேல் அமெரிக்க வசூலில் முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டு வால்மார்ட் நிறுவனம் தன் 160 கடைகளின் கார் நிறுத்துமிடங்களை டிரைவ்-இன்களாக மாற்றிப் படம் காட்டியது. டிரைவ்-இன்கள் பல போய் முடிந்தது இப்படிப்பட்ட பெருங்கடைகளின் தார்த்தளத்துக்கு அடியில்தான். அந்தத் தளத்திலேயே திரை கட்டிப் படம் போட்டதை அனுதாபம் என்று எடுத்துக்கொள்வதா, கிண்டல் என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

இவ்வளவையும் எழுத முடிவது, அங்கே 1948லேயே அரசு வணிகக் கணக்கெடுப்பில் டிரைவ்-இன்களைத் தனியாக எண்ணிவைத்ததாலும், வழக்குக் கட்டுகளும் காப்புரிமைத் தாளும் பத்திரமாக இருப்பதாலும்தான். நம்மிடம் ஆரம்பகாலச் சினிமாவைப் பற்றித் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் தேடி எழுதியவை இருக்கின்றன. தியேட்டர்களின், குறிப்பாகத் திறந்தவெளிக் கொட்டகைகளின் வரலாறு பெரும்பாலும் வாய்மொழியாகவே கிடக்கிறது. இஞ்சம்பாக்கத்தில் பாய் விரித்துப் படம் பார்த்தவர்கள், டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராகவோ முறுக்கு விற்கும் பையனாகவோ இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. டிக்கெட் என்ன விலை, யார் வண்டியில் போனீர்கள், மழை வந்தால் காசு திருப்பிக் கொடுத்தார்களா, நிலம் யாருடையது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று அவர்களிடம் கேட்டுத் தேதியோடு எழுதிவையுங்கள். பழைய டிக்கெட் துண்டோ நோட்டீஸோ வீட்டில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.